செந்தட்டியும் பூனைக்காலியும்: வேலூர்ப் பக்கம் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு

காட்பாடி, குடியாத்தம், ஆரணி, போளூர் என்று ஊருக்கு வெளியே மனை வாங்கி வீடு கட்டுகிறவர்களுக்குச் செந்தட்டியை முதலில் காட்டிக்கொடுப்பது கண் இல்லை, தோல். முடக்கத்தான் பறிக்க வேலிக்குள் கை விடுவார்கள். புறங்கை திகுதிகுவென்று எரியும். என்ன பூச்சி கடித்தது என்று இலைகளைப் புரட்டித் தேடி, இன்னும் நான்கு இடத்தில் வாங்கிக்கொள்வார்கள். பூச்சி எதுவும் அங்கே இருக்காது. முடக்கத்தானோடு சேர்ந்து பின்னிக்கிடக்கும் செந்தட்டிக் கொடிதான் காரணம். காஞ்சொறி, சிறுகாஞ்சொறி என்று சொன்னாலும் இதே கொடிதான்.

இணையத்தில் ‘நெட்டில்’ என்று தேடி வரும் படங்களை வைத்து இதைத் தேடாதீர்கள். ஐரோப்பாவிலும் இமயமலைச் சரிவுகளிலும் வளரும் அந்தச் செடி இடுப்பளவு, ஆளளவு நிமிர்ந்து நிற்கும். இலைகள் எதிரெதிராக இருக்கும். உரம் ஏறிய ஈர மண்ணில் கூட்டமாக முளைக்கும். அதன் உறவுச் செடிகளைப் பார்க்க நீலகிரிக்கோ கொடைக்கானலுக்கோ போகவேண்டும். செந்தட்டி ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்த கொடி. வளரும் இடம், பிடுங்கும் முறை, சுணையின் (தோலில் குத்தும் மெல்லிய முடியின்) அமைப்பு எல்லாமே வேறு. பழைய வட ஆற்காட்டுச் சமவெளியிலும் அடிவாரத்திலும் வீடு, கொல்லை வைத்திருப்பவர்கள் அடையாளம் தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டு: செந்தட்டி, காயின் சுணையால் நமைக்கும் பூனைக்காலிக் கொடி.

செந்தட்டியை எங்கே தேடுவது

வெட்டவெளியில் தனியாக நிற்காது. அரை நிழலும் ஏற ஒரு துணையும் வேண்டும் அதற்கு. கிளுவை வேலி, கள்ளிப் புதர், சீமைக்கருவேலத்தின் அடி, கட்டிட வேலை முடிந்து ஓரமாகக் குவித்த கல், பாழ்க்கிணற்றின் விளிம்பு, யாரும் பெருக்காத மதில் மூலை ஆகிய இடங்களைப் பாருங்கள். பக்கத்து மனை காலியாகக் கிடந்தால் பொது மதிலை இரண்டு பக்கமும் பார்க்கவேண்டும்.

வேலூருக்கு ஆடி, ஆவணியிலும் மழை உண்டு, ஐப்பசி, கார்த்திகையிலும் உண்டு. முதல் நல்ல மழைக்குப் பிறகு பழைய வேர்க்கட்டையிலிருந்து தளிர் கிளம்பும். ஆவணி முதல் மார்கழி வரை கொடி செழிப்பாக இருக்கும். பங்குனி வெயிலில் மேற்பாகம் காய்ந்துவிடும், வேர் மண்ணுக்குள் உயிரோடு காத்திருக்கும். கோடையில் மனையைப் பார்த்துச் ‘சுத்தமான இடம்’ என்று வாங்கியவர்கள் ஐப்பசியில் ஏமாறுவது இதனால்தான்.

அடையாளம் பார்க்கும்போது கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். காலை வெயில் சாய்வாக விழும் நேரம் வசதியானது; செல்போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தால் தண்டிலும் இலையிலும் விறைத்து நிற்கும் வெள்ளைச் சுணை தெரியும். இலை 6 முதல் 12 சென்டிமீட்டர் நீளம், நுனி கூர்மை, ஓரம் முழுக்க ரம்பப் பல். தண்டில் இலைகள் மாற்றி மாற்றி ஒவ்வொன்றாக இருக்கும். கொடி மெல்லியது, அடியில் மட்டும் கட்டைபோல் இறுகியிருக்கும். பூவைப் பூ என்று யாரும் சொல்லமாட்டார்கள், மஞ்சள் கலந்த பச்சையில் சின்னக் கதிர், அவ்வளவுதான். அந்தக் கதிரின் மேல்பகுதி ஆண் பூ. அடியில் ஒன்றிரண்டு பெண் பூ. காய் மூன்று புடைப்பாக, ஆமணக்குக் காயைச் சுருக்கிவைத்த மாதிரி, மேலெல்லாம் சுணையோடு இருக்கும். அதன் கீழே சீப்புப் பல் போல வெட்டுப்பட்ட ஆறு பச்சை இதழ்கள் விரிந்திருக்கும். இந்தக் காயையும் இதழையும் ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு சந்தேகமே வராது. இதே இனத்தில் இலை மூன்றாகப் பிளந்த இன்னொரு வகையும் சமவெளியில் உண்டு. அதுவும் சுணைக்கும், இலை வடிவம் வேறாக இருக்கிறதே என்று தொட்டுவிடாதீர்கள்.

சந்தேகம் வந்தால் கொடி எப்படி ஏறுகிறது என்று பாருங்கள். முடக்கத்தான், கோவை இரண்டுக்கும் பற்றுக்கம்பி உண்டு. செந்தட்டிக்குக் கிடையாது, தண்டே சுற்றிச் சுற்றி ஏறும். தூதுவளையில் முள் இருக்கும். வேலிப்பருத்தியும் தண்டால் சுற்றித்தான் ஏறும், ஆனால் அதன் இலைகள் எதிரெதிர் ஜோடி, கிள்ளினால் பால் வரும். செந்தட்டியில் பால் வராது (கிள்ளிப் பார்க்கச் சொல்லவில்லை). குப்பைமேனி இதன் குடும்பம்தான். அது கொடியாகாமல் நிமிர்ந்து நிற்கும், தொட்டால் ஒன்றும் செய்யாது.

கீரை பறிக்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் போதும். வேலிக்குள் கை விடுவதற்கு முன் ஒரு குச்சியால் கொடிகளைப் பிரித்துப் பாருங்கள். கொத்தாகப் பிடித்து இழுக்காமல், கண்ணுக்குத் தெரிந்த இலையை மட்டும் கிள்ளுங்கள்.

சுணை எப்படிக் குத்துகிறது

வெளிநாட்டு நெட்டிலின் சுணை கண்ணாடிக் குழாய் போன்றது. நுனி உடைந்து உள்ளிருக்கும் திரவம் தோலுக்குள் இறங்கும். செந்தட்டியில் அமைப்பு வேறு. சுணையின் நடுவே கால்சியம் ஆக்சலேட்டால் ஆன கூரிய ஊசிப் படிகம் ஒன்று இருக்கிறது. தொட்டதும் அது தோலைத் துளைக்கும். படிகத்தில் நீளவாக்கில் ஒரு பள்ளம் ஓடுகிறது. எரிச்சல் தரும் சாறு அந்த வழியாக உள்ளே போகும். தேய்த்தால் ஏன் மோசமாகிறது என்பதற்கு விளக்கம் இதில் இருக்கிறது. பாதி குத்தி நிற்கும் ஊசியை முழுக்க உள்ளே தள்ளுவதும், குத்தாமல் தோலின்மேல் கிடப்பவற்றைப் புதிய இடத்தில் குத்தவைப்பதும் உங்கள் கைதான்.

பட்டுவிட்டால் செய்யவேண்டியது

பட்ட இடத்தை முதல் ஐந்து நிமிடம் தொடாமல் இருப்பதுதான் சிகிச்சையில் பாதி. அந்தக் கையால் முகத்தையோ கழுத்தையோ துடைக்கவும் கூடாது.

செலோடேப், பேக்கிங் டேப், மருந்துப் பிளாஸ்டர் எது கிடைத்தாலும் எடுத்து, பட்ட இடத்தில் அழுத்தி ஒட்டி, ஒரே திசையில் உரியுங்கள். ஒவ்வொரு முறையும் புதுத் துண்டு. ஐந்தாறு முறை செய்தால் வெளியே நிற்கும் சுணை வந்துவிடும். அடுத்து ஓடும் தண்ணீரில் காட்டி, சோப்பு நுரையை மெல்லப் படரவிட்டுக் கழுவுங்கள். நாரோ பிரஷ்ஷோ போடவேண்டாம். துண்டால் துடைக்காமல் ஒற்றியெடுங்கள். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிப் பத்து நிமிடம் வைத்தால் எரிச்சல் அடங்கும். கலமைன் லோஷன் தடவலாம். தடிப்பு அதிகமாக இருந்தால் பெரியவர்கள் 10 மில்லிகிராம் செட்டிரிசின் (ஒவ்வாமை மாத்திரை) ஒன்று போடலாம். தூக்கம் வரும், அதற்குப்பின் வண்டி ஓட்டவேண்டாம். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் டாக்டரைக் கேட்டுத்தான். பெரும்பாலும் சில மணி நேரத்தில் எரிச்சல் போய்விடும், சிலருக்கு மறுநாள்வரை நமைச்சல் நிற்கும்.

கண்ணில் பட்டால் கசக்காமல், சுத்தமான தண்ணீரைப் பதினைந்து நிமிடம் ஊற்றிக் கழுவிவிட்டு நேரே கண் டாக்டரிடம் போங்கள். உதடு, நாக்கு வீங்கினாலோ, மூச்சுத் திணறினாலோ, தலை சுற்றினாலோ 108. இப்படி ஆவது அபூர்வம். ஆனால் அப்படி ஆகிவிட்டால் காத்திருக்கக்கூடாது.

சுண்ணாம்பு தடவச் சொல்வார்கள். வேண்டாம். காரம் மிகுந்த பொருள், ஏற்கெனவே குத்துப்பட்ட தோலைப் புண்ணாக்கிவிடும். மண்ணெண்ணெயும் அப்படித்தான். திருநீற்றை அழுத்தித் தேய்ப்பது, பூசுவதால் வரும் ஆறுதலைவிடத் தேய்ப்பதால் வரும் கெடுதலை அதிகம் தரும். நல்லெண்ணெய் தடவவேண்டுமென்றால் டேப் போட்டுக் கழுவி முடித்தபிறகு.

பூனைக்காலி: இது வேறு கதை

செந்தட்டி இலையால் குத்தும்; பூனைக்காலி காயால். ஒரே காம்பில் மூன்று இலைகள், மொச்சை இலை சாயல். புரட்டாசி, ஐப்பசிவாக்கில் கருஊதாப் பூக்கள் சரமாகத் தொங்கும். பிறகு வரும் காய் 5 முதல் 10 சென்டிமீட்டர், ‘எஸ்’ எழுத்துப்போல வளைந்து, பொன்னும் பழுப்பும் கலந்த வெல்வெட் போர்த்தியது போலிருக்கும். அழகாகத்தான் இருக்கிறது, பிள்ளைகள் பறிப்பதும் அதனால்தான். முற்றிக் காயக் காயச் சுணை உதிரும். தொடவே வேண்டாம், காற்றடிக்கும்போது கீழே நின்றால் போதும். தை முதல் பங்குனிவரை கவனம் வேண்டும். ஜவ்வாது மலையிலும் அடிவாரத்திலும் புளி உலுக்கும் பருவமும் ஏறக்குறைய அதுதான். மரத்தில் பூனைக்காலி ஏறியிருக்கிறதா என்று பார்க்காமல் உலுக்கினால் புளியோடு சுணையும் தலையில் கொட்டும்.

இந்தச் சுணையில் மியுக்குனெயின் என்ற புரதம் இருக்கிறது. அது நமைச்சலைத் தூண்டும் வழி ஹிஸ்டமினைச் சார்ந்ததல்ல. ஆகவே ஹிஸ்டமினைத் தடுக்கும் செட்டிரிசின் போட்டும் நிற்கவில்லையே என்று இன்னொன்று போடாதீர்கள். சுணையை எடுப்பதுதான் வழி. வீட்டுக்குள் வராமல் வெளியிலேயே நின்று, சட்டையை உதறாமல், தலைவழி இழுக்காமல், பொத்தானைக் கழற்றி மெல்ல எடுங்கள். பிறகு டேப். கைகால் முழுக்கப் பட்டிருந்தால் டேப் கட்டுப்படியாகாது. மைதா அல்லது அரிசிமாவைக் கெட்டிப் பசையாகக் காய்ச்சி, ஆறவைத்துப் பூசி, நன்றாகக் காய்ந்ததும் உரித்தெடுங்கள். அதன்பிறகுதான் குளியல். கிராமத்தில் சாணியைப் பூசிக் காயவைத்து உரிப்பதும் இந்தக் கணக்குத்தான். வேலை செய்வது ஒட்டி உரிவது மட்டுமே. சொறிந்து கீறல் விழுந்த தோலில் சாணி பட்டால் டெட்டனஸ் ஆபத்து உண்டு. மாவுப் பசை அதே வேலையைச் செய்துவிடும்.

போட்டிருந்த துணியைத் தனியாக ஒரு வாளியில் போட்டுக் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றி ஆறும்வரை விடுங்கள். சூட்டில் அந்தப் புரதம் கெட்டுச் சுணையின் வீரியம் போகும். அதற்குமுன் வாஷிங் மெஷினில் போட்டால் வீட்டிலுள்ள எல்லார் துணியிலும் ஏறும்.

மருந்துக்கும் பசுந்தாள் உரத்துக்கும் வயலில் வளர்க்கிற பூனைக்காலி வகைக்கு இந்தச் சுணை இல்லை. நாட்டு மருந்துக் கடையில் வாங்கும் விதையும் நமைக்காது. ஆனால் அந்த விதையில் லெவோடோபா இருக்கிறது, நடுக்குவாதத்துக்கு டாக்டர்கள் கொடுக்கும் அதே பொருள். அளவு தெரியாமல் பொடித்துப் பாலில் கலக்கிக் குடிப்பது விளையாட்டில்லை.

இரண்டும் இல்லையென்றால்

எரிச்சல் தொட்ட நொடியில் தொடங்கியதா, மறுநாளா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நொடியில் என்றால் பெரும்பாலும் செந்தட்டிதான். மழைக்காலத்தில் முருங்கை மரத்தடியில் நின்றபின் என்றால் தலையை உயர்த்திப் பாருங்கள், தண்டில் கம்பளிப்பூச்சிகள் கூட்டமாக ஒட்டியிருக்கும். கரும்புத் தோட்டத்தில் சோகை உரித்த பிறகு வரும் நமைச்சல் கரும்புச் சுணை. ஒன்றிரண்டு நாள் கழித்துக் கொப்புளமும் நீருமாக வந்தால் இவை எதுவுமில்லை. காட்டில் சேங்கொட்டைப் பால் பட்டிருக்கலாம். முகம், கழுத்து, முழங்கை மடிப்பில் திரும்பத் திரும்ப வருகிறதென்றால் பார்த்தீனிய ஒவ்வாமையைச் சந்தேகித்துத் தோல் டாக்டரைப் பார்க்கவேண்டும். டேப்பும் ஐஸும் அதற்கு உதவாது.

எதை விடுவது, எதைத் தோண்டுவது

கண்ட செந்தட்டியையெல்லாம் ஒழிக்கவேண்டியதில்லை. ஆமணக்கு இலையைத் தின்னும் செம்பழுப்பு வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்கள் செந்தட்டியையும் தின்று வளர்கின்றன. செந்தட்டி இனத்தையே நம்பி முட்டையிடும் ஆரஞ்சு நிறப் பூச்சி ஒன்றும் இருக்கிறது. பின்வேலியில், ஆள் புழங்காத இடத்தில் இருந்தால் விட்டுவிடுங்கள். வேலியைத் தாண்டி வரும் நுனியை மட்டும் தொரட்டியால் உள்ளே தள்ளுங்கள். துணி உலர்த்தும் கொடிக்கம்பி, குழாயடி, பிள்ளைகள் விளையாடும் இடம், மோட்டார் சுவிட்ச் பெட்டி, கேட்டின் தாழ்ப்பாள் இவற்றிலிருந்து ஆறடிக்குள் இருப்பதைத்தான் எடுக்கவேண்டும். பூனைக்காலிக்கு இந்தச் சலுகை கிடையாது. வீட்டருகே இருந்தால் பூவிலேயே அறுத்துவிடுங்கள்.

எடுக்க நல்ல நேரம் மழை பெய்த இரண்டாம் மூன்றாம் நாள். மண் நெகிழ்ந்திருக்கும், வேர் அறுபடாமல் வரும். காய் முற்றுவதற்குள் முடித்துவிடுங்கள். முற்றிய காய் வெடித்தால் உள்ளே இருக்கும் மூன்று விதைகளும் சிதறிவிடும்.

1. முழுக்கைச் சட்டை, ஜீன்ஸ் போன்ற தடித்த பேன்ட், ஷூ. லுங்கியும் நைட்டியும் உதவாது. தோல் பொருளுக்குப் பேர்போன ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் இருந்துகொண்டு கையுறைக்குக் கஞ்சத்தனம் பண்ணாதீர்கள்: ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் வெல்டிங் தோல் கையுறை முழங்கைக்குச் சற்றுக் கீழ்வரை மறைக்கும். துணிக் கையுறையைச் சுணை துளைத்துவிடும்.

2. கொடியைத் தேடிப் போய், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் அறுங்கள். அடிக்கட்டையை அந்த ஒரு சாணோடு விடுவது எங்கே தோண்டுவதென்று தெரிவதற்காக.

3. மேலே வேலியில் சுற்றியிருப்பதை இழுக்காதீர்கள். இழுத்தால் முகத்தில் வந்து விழும். தொரட்டியால் துண்டு துண்டாகக் கழற்றி, பழைய சிமெண்ட் சாக்கில் போடுங்கள்.

4. அடிக்கட்டையைச் சுற்றி அரையடி தள்ளிக் களைக்கொத்தால் கொத்தி, முக்கால் அடியிலிருந்து ஓரடி ஆழம்வரை போய் வேர்க்கட்டையை முழுதாக எடுங்கள். கிளுவை வேருக்குள் புகுந்திருந்தால் கடப்பாரை நுனியால் நெம்புங்கள். முறிந்த வேர் உள்ளே நின்றால் அடுத்த மழைக்கு அங்கிருந்தே துளிர்க்கும்.

5. சாக்கில் இருப்பதை இரண்டடி ஆழக் குழியில் கொட்டி மூடுங்கள். சாக்கை மட்டும் எடுத்துவிடுங்கள். எருக்குழியில் போட்டால் பிறகு எருவை அள்ளுகிற கைக்குத்தான் கேடு. காய்ந்த சுணையும் குத்தும். எரிக்கவும் கூடாது. சூட்டில் எழும் காற்று சுணையைக் கிளப்பிக் கண்ணிலும் மூக்கிலும் ஏற்றும். பூனைக்காலியில் இது நிச்சயம்.

6. மூன்று, நான்கு வாரம் கழித்து அதே இடத்தைப் பாருங்கள். விரல் நீளத் தளிராக இருக்கும்போது எடுப்பது ஐந்து நிமிட வேலை.

கல் உப்பைக் கொட்டுவது, களைக்கொல்லி அடிப்பது இரண்டுமே வேலியைத்தான் முதலில் கெடுக்கும். கொடி கிளுவையோடு பின்னியிருக்கும்போது மருந்து ஒன்றில் மட்டும் படுமாறு அடிக்க யாராலும் முடியாது. மேலே கருகினாலும் வேர்க்கட்டை பிழைத்துக்கொள்ளும்.

கூலிக்கு ஆள் வைத்தால் எங்கே செந்தட்டி இருக்கிறது என்று முன்னாலேயே சொல்லி, கையுறையை நீங்களே கொடுங்கள். ‘அவர்களுக்குப் பழக்கம்தானே’ என்பது பேச்சுக்குச் சரி, யார் தோலுக்கும் சுணை பழகுவதில்லை.

காட்டுக்குப் போகும்போது

அமிர்தி, ஏலகிரி, ஜலகாம்பாறை, ஜவ்வாது மலைப் பக்கம் போகிறவர்கள் பாதையின் நடுவே நடந்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஓடை இறக்கத்தில், பாறையைப் பிடித்து ஏறும் இடத்தில், கை எதைப் பற்றுகிறது என்று பார்த்துப் பற்றுங்கள். ஒதுங்கப் போகிறவர்கள் காகிதமோ தண்ணீரோ கொண்டுபோவது நல்லது, கைக்கெட்டிய இலையைப் பறிப்பது எங்கே போய் முடியும் என்று விளக்கத் தேவையில்லை. சீத்தாப்பழப் பருவத்தில் புதருக்குள் நுழைகிறவர்கள் காலை வைக்கும் முன் ஒரு கம்பால் விலக்குங்கள். முன்னால் போகிறவர் தள்ளிய கொடி பின்னால் வருகிறவர் முகத்தில் அடிக்காமலிருக்க இரண்டு கை தூரம் விடுங்கள். பையில் ஒரு சின்ன டேப் சுருள் கிடக்கட்டும், எடை ஒன்றுமில்லை.

காப்புக்காட்டில் இருக்கும் கொடியை வெட்டுவதும் பிடுங்குவதும் உங்கள் வேலையில்லை. வனத்துறையின் அனுமதியில்லாமல் அங்கே எதையும் எடுக்கவும் கூடாது.

கடைசியாக அடுப்படி. வெளிநாட்டு நெட்டிலைக் கொதிக்கவைத்துச் சூப், டீ செய்கிறார்கள்; சூட்டில் அதன் கடுப்பு போய்விடுகிறது. அந்தச் செய்முறையைச் செந்தட்டியில் போட்டுப் பார்க்காதீர்கள். கால்சியம் ஆக்சலேட் தண்ணீரில் கரையாது, எவ்வளவு கொதித்தாலும் ஊசி ஊசியாகவே இருக்கும். சிறுகாஞ்சொறி வேரைச் சித்த மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள், நாட்டு மருந்துக் கடையிலும் விற்கிறது. அது பதப்படுத்திய வேர், அளவும் துணைச் சரக்கும் அவர்களுக்குத் தெரியும். வேலியிலிருந்து பறித்த இலைக்கு அதைக் காரணமாகக் காட்டமுடியாது.